ஈரத் தானியமும் விளம்பரக் கலையும்

விளம்பரம் என்னும் சொல் விளம்புதல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தது என்பர். விளம்புதலாவது எடுத்துச் சொல்லுதல். இலையில் உணவு பரிமாறுதலையும் விளம்புதல் என வழங்குவது உண்டு. சொல்வோனும் பரிமாறுவோனும் ஒரே வினைக்குள் அடங்கியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. பந்தியில் அமர்ந்தவன் இலையில் விழுவதை நம்பி உண்கிறான். அடுக்களைக்குள் புகுந்து ஆராய்ந்துவிட்டு வந்து அமர்வதில்லை. விளம்பரத்தைப் படிப்பவன் நிலையும் ஏறத்தாழ அதுவே.

கடலூர் முதுநகரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் பழைய சாலையில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து செல்பவர்க்குப் படிப்பதற்குப் பஞ்சமில்லை. சிமெண்ட், கைலி, மசாலாத்தூள், ஆங்கிலப் பயிற்சி, மூட்டுவலித் தைலம், அடகுக்கடை, வெளிநாட்டு வேலை என வீட்டுச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம். நம் மாணவர் பலர் நாள்தோறும் படிக்கும் தமிழ் இதுதான். பாடநூலைக் காட்டிலும் இதனை அவர்கள் மிகுதியாகப் படிக்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆதலின் தமிழ்த்துறை மலரில் விளம்பரத்தைப் பற்றிப் பேசுவது துறை கடந்த செயலன்று.

விளம்பரம் மேனாட்டார் கொணர்ந்த பழக்கம் என்று கருதுவாரும் உளர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையை ஒருமுறை புரட்டினால் அவ்வெண்ணம் அகலும். காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசையாகக் காட்டுகிறார். கோயில் வாயிலில் ஒரு கொடி, வாதத்திற்கு அறைகூவும் ஆசிரியர் நாட்டிய ஒரு கொடி, கலங்களின் பாய்மரத்தில் ஒரு கொடி, கள் விற்கும் மனையில் ஒரு கொடி. இன்ன இடத்தில் இன்னது உண்டு என்று தொலைவில் வருவோர்க்கும் அறிவித்தவை அவை. அதே பாட்டில் அந்நகரத்து வணிகரின் இயல்பும் கூறப்படுகிறது. வாங்கும்போது அளவை மிகுத்துக்கொள்ளாமலும் விற்கும்போது குறைத்துவிடாமலும், பொருளின் விலையையும் ஊதியத்தையும் மறைக்காமல் சொல்லியும் வாணிகம் செய்தவர்கள் அவர்கள். கொடியை மட்டும் பாடிப் புலவர் நின்றுவிடவில்லை. கொடியின் கீழ் நின்றவனையும் பாடினார். இக்காலத்துப் பதாகைகளில் கொடி மிகப் பெரியது. கீழே நிற்பவன் யார் என்றுதான் தெரிவதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நிகழ்ச்சியை இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலரும் அறிவர். அவர்கள் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. உரியவனை வினவ, மழையில் நனைந்துவிட்டது என்றான். மக்கள் காணுமாறு நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் உரைத்தார்கள். இந்நிகழ்ச்சியில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்வணிகன் பொய் ஒன்றும் சொன்னதாக இல்லை. ஈரத் தானியத்தைக் காய்ந்தது என்று கூவி விற்கவில்லை. அடுக்கினான், அவ்வளவே. காய்ந்தது மேலே, நனைந்தது கீழே. குற்றம் சொல்லில் இல்லை, அடுக்கில் இருந்தது.

விளம்பரத்தின் நேர்மையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொய், மெய் என்னும் இரண்டிலேயே நின்றுவிடுகிறது. அடுக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தொழில் செய்துவந்த ஒருவர் நம்மிடம் வந்தார். துண்டறிக்கை ஒன்று வேண்டும், அழகு தமிழில் எழுதித்தர வேண்டும் என்றார். வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்போர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தமையால், பதிவு எண் என்ன, மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டோம். அவ்விரண்டையும் முதல் இரு வரிகளில், மற்ற எழுத்துகளின் அளவிலேயே அச்சிடுவதாயின் எழுதித் தருகிறோம் என்றோம். "ஐயா, அதையெல்லாம் நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆளை உள்ளே வரவழைப்பதுதானே நோட்டீசின் வேலை" என்று சிரித்துக்கொண்டே எழுந்து சென்றார்.

இருபது நாள்களில் அத்துண்டறிக்கை சிதம்பரம் பேருந்து நிலையத்திலும் பரங்கிப்பேட்டைக் கடைவீதியிலும் கைக்குக் கை மாறியது. உள்ளபடியே நல்ல தமிழ். மோனை தவறவில்லை, வரிகள் குறுகி, நாவில் நின்றன. வளைகுடா நாட்டில் ஓட்டுநர் உள்ளிட்ட பணிகள், தங்குமிடம் உண்டு, ஊதியம் இத்தனை ஆயிரம் வரை என்றிருந்தது. எழுதியவர் நம் துறையில் பயின்ற மாணவர் என்பது பின்னரே தெரிந்தது. அதை நம்பிப் பணம் கட்டிய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். மகளின் திருமணத்திற்கென்று வைத்திருந்த நகை அடகுக்குப் போயிற்று. ஓட்டுநர் வேலை என்று விமானம் ஏறிய அவ்வீட்டு மகனுக்கு அங்கே கிடைத்தது கிடங்கில் மூட்டை சுமக்கும் வேலை. ஊதியம் சொன்னதில் பாதிக்கும் கீழ். பதினொரு மாதங்களில் திரும்பிவிட்டார். நகை திரும்பவில்லை.

அம்மாணவர் ஒருநாள் நம்மைக் காண வந்தபோது இச்செய்தியைச் சொன்னோம். அவர் முகம் வாடியது உண்மை. ஆயினும் அவர் சொன்ன விடை இது: "ஐயா, நான் பொய் ஒரு சொல்லும் எழுதவில்லையே." துண்டறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. ஓட்டுநர் பணி என்று அதில் இல்லை. ஓட்டுநர் உள்ளிட்ட பணிகள் என்றே இருந்தது. மூட்டை சுமப்பது அந்த 'உள்ளிட்ட' என்பதற்குள் உள்ளிடப்பட்டிருந்தது. ஊதியம் இத்தனை ஆயிரம் என்று இல்லை. இத்தனை ஆயிரம் வரை என்றே இருந்தது. ஈரத் தானியம் முழுவதும் அவ்விரு சொற்களின் அடியில் கிடந்தது.

இடைச்சொல் தானே தனித்து நடக்கும் இயல்பினதன்று என்பது தொல்காப்பியம் கற்றோர் அறிந்த இலக்கணம். விளம்பரத் தமிழிலோ இச்சிறு சொற்களே குடும்பங்களை நடக்க வைக்கின்றன, சில வேளைகளில் வட்டிக்கடை வாசலுக்கு. ஆடி மாதத்தில் கடலூர் லாரன்ஸ் சாலையிலோ சிதம்பரம் மேல வீதியிலோ தொங்கும் துணியை நிமிர்ந்து பாருங்கள். 50 சதவீதம் 'வரை' தள்ளுபடி. வரை என்பதற்கு மலை என்றும் எல்லை என்றும் பொருளுண்டு. அங்கே 50 மலையாக நிற்கும், வரை கடுகாகக் கிடக்கும். 'முதல்' என்னும் சொல்லும் இத்தகையதே. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்னும் தொடரைச் சொல்லவே வேண்டா. அதன் நிபந்தனைகளை முழுதும் படித்தவர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். நீரிழிவு, புற்றுநோய், பார்வையின்மை முதலிய நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதனை எதிர்த்து வழக்காடியவர்களுள் முதன்மையானது டெல்லியின் புகழ்பெற்ற யுனானி நிறுவனமாகிய ஹம்தர்த் தவாகானா. விளம்பரமும் பேச்சே, பேச்சுரிமை அதற்கும் உண்டு என்பது அவர்தம் வாதம். 1959 டிசம்பரில் தீர்ப்புரைத்த உச்ச நீதிமன்றம், விளம்பரம் பேச்சின் ஒரு வடிவமே எனினும் அது எதற்காகப் பயன்படுகிறதோ அதைக்கொண்டே அதன் தன்மையை அறியவேண்டும் என்றது. சட்டத்தின் சில பகுதிகளை நீக்கி, ஏனையவற்றை நிலைநிறுத்தியது. 1995-இல் டாடா பிரஸ் வழக்கில் அதே நீதிமன்றம் வணிகப் பேச்சுக்கும் பேச்சுரிமை உண்டு என்று கூறிற்று. வாங்குவோர் செய்தியைப் பெறுவதற்கு உள்ள உரிமையும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவன போல் தோன்றும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கேட்பவனுக்கு எது பயன்படுகிறது என்னும் ஒரே கேள்வியை இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து கேட்டன.

பெருந்துறைப் பகுதியின் ஈமு கோழித் திட்டங்கள் 2012-இல் சரிந்தபோது, அறிந்த முகங்களை விளம்பரத்தில் கண்டு பணம் போட்ட உழவர் பலர் தெருவுக்கு வந்தனர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்போருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளித்தது. (இங்கும் ஒரு 'வரை'!) நாம் மிகவும் வரவேற்பது 2022 ஜூன் மாதம் வந்த வழிகாட்டு நெறிகளில் உள்ள ஒரு சிறு விதியை. விளம்பரத்தின் உரிமைகோரல் எம்மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அதன் பொறுப்புத்துறப்பும் இருத்தல் வேண்டும். எழுத்துருவும் அதுவாகவே இருத்தல் வேண்டும். கண்ணில் படும் இடத்தில் இருத்தல் வேண்டும். தமிழில் ஆசை காட்டி, ஆங்கிலத்தில் கைவிரிக்கும் வித்தைக்கு இவ்விதி இடங்கொடாது. நனைந்ததை மேலே வை என்பதைச் சட்டத்தின் நடையில் எழுதினால் இவ்வாறுதான் இருக்கும்.

2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனம் தன் மருந்து விளம்பரங்களுக்காக நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டபோது, உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வியும் இதே இனத்தது. உங்கள் விளம்பரங்கள் வந்த அளவிலேயே இம்மன்னிப்பும் வந்ததா என்று நீதிபதிகள் வினவினர். மறுநாளே பெரிய அளவில் மன்னிப்பு வெளியாயிற்று. வருத்தத்தைக்கூடக் குவியலின் அடியில் வைக்க முடியும் என்பதை அதற்கு முன் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் ஒரு கட்டத்தில் விளம்பரங்களையே நிறுத்திவிட்டார். அவ்வளவு தொலைவு நாம் செல்ல இயலாது. இம்மலரின் பின்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மாணவர்கள் வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கிப் பெற்றுவந்த விளம்பரங்களின் துணையின்றி இக்கட்டுரை அச்சேறியிராது. விளம்பரத்தைப் பழித்துக்கொண்டே அதன் செலவில் பேசுவது முறையன்று. மேலும், நம் துறையில் பயில்வோருள் சிலருக்கேனும் சென்னையின் விளம்பர நிறுவனங்களில் எழுதும் வேலை கிடைக்கிறது. கிடைக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.

அவர்கள் கற்பனையை எங்கிருந்து பெறுவது? கடலூர் துறைமுகத்தில் காலையில் மீன் விற்கும் பெண்களிடமிருந்து பெறலாம் என்போம். வாங்க வந்தவர் ஐயுறும் முன்பே அவர் மீனின் செவுளை விரலால் விரித்துக் காட்டுவார். உள்ளே சிவப்பு. ஒரு சொல்லும் இல்லை. பண்ருட்டிச் சாலையில் பலா விற்போர் ஒரு பழத்தைப் பிளந்து, சுளை தெரிய முன்னால் வைத்திருப்பர். அதன் மணம் பேருந்துக்குள் வந்து நம்மை அழைக்கும். குவியலின் உள்ளே இருப்பதை வெளியே வைப்பதும் ஓர் அடுக்குத்தான். அதற்கும் கலை வேண்டும். சொல்லப்போனால் மிகுதியாகவே வேண்டும்.

இதை எண்ணியே சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவருக்கு ஒரு பயிற்சி அளித்தோம். பண்ருட்டிப் பலாவிற்கு விளம்பரம் எழுதுக. அதன் குறை ஒன்றையேனும் முதல் வரியிலேயே சொல்லுக. வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. குறையைச் சொன்னால் யார் வாங்குவார் என்றனர். பலரும் எழுதியவை தேர்வு விடை போலவே இருந்தன. நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் மட்டும் இவ்வாறு எழுதியிருந்தார்: "பிசின் ஒட்டும், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள். வாசம் மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகாது. பக்கத்து வீட்டாருக்கும் நான்கு சுளை எடுத்து வைத்துவிடுங்கள்."

வகுப்பே சிரித்தது. அம்மாணவியின் தந்தைக்குத் தெரிந்த சாலையோர வியாபாரி ஒருவர் அவ்வரிகளை அட்டையில் எழுதித் தம் குவியலின் மேல் செருகியிருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறு புட்டியில் நல்லெண்ணெயும் வைத்திருக்கிறாராம்.