எந்தக் கிணத்துத் தண்ணி?

யாழ்ப்பாணத் தீவகத்தில் பழைய கார் ஒன்று கொதிக்கிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால், பொனற்றைத் திறக்க முன்னமே கேள்வி வந்துவிடும்: "எந்தக் கிணத்துத் தண்ணி விட்டனீங்கள்?"

வேலணையில் வங்களாவடிச் சந்தி தாண்டி, பூவரசு நிழலில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணை அப்படித்தான் கேட்டார். காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "புங்குடுதீவிலை, றோட்டுக்கரைக் கிணறு" என்றார்.

"அப்ப உப்பைத்தான் விட்டிருக்கிறியள் சேர்."

கார் 1098 சீசீ மொறிஸ் மைனர். ஆனி மாதம், நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலம். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போன கார், திரும்பி வரும்போது தீவுகளை இணைக்கும் தாம்போதியில் ஆவி கக்கி நின்றிருக்கிறது. இந்தக் காரைக் கிழட்டு வண்டி என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரோடு வந்த ஏ வகை எஞ்சின்தான் இதற்குள் இருப்பது. அதே குடும்பத்து எஞ்சினோடுதான் மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோ பந்தயத்தை வென்றது. இதே 1098 சீசீ, சற்று முறுக்கேற்றப்பட்டு, எம்ஜி மிட்ஜெற் என்ற விளையாட்டுக் காரிலும் ஓடியது. பனிமலைப் பாதையில் ஓடிய இரும்பு, இங்கே உவர்நிலத்தில் தேர்த்திருவிழாவுக்குச் சனம் ஏற்றுகிறது.

அண்ணை உடனே மூடியைத் திறக்கவில்லை. சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, பழந்துணி சுற்றித் திருகினார். மூடியைத் திருப்பி அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. மொறிஸ் மைனருக்கு வேண்டியது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் தாங்கும் மூடி. அந்த அமுக்கத்திலேயே தண்ணீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 110க்கு உயர்ந்துவிடும். யாரோ யப்பான் காரின் 13 இறாத்தல் மூடியைப் போட்டிருந்தார்கள். "கூடக் கட்டினா நல்லதெண்டு நினைக்கினம். மூடி தாங்கும், அறுபது வருசத்து ரேடியேற்றர் தாங்குமோ?"

பிறகு நடந்ததை நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். மூடி இல்லாமலே எஞ்சினை ஸ்ராட் பண்ணி, வாயில் எட்டிப் பார்த்தார். குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் காஸ்கெற் போய்விட்டது என்று பொருள். எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. குமிழி இல்லை. டிப்ஸ்ரிக்கை இழுத்து விரலில் தேய்த்தார். ஒயில் பால்போல வெளுக்கவில்லை, அதுவும் தப்பியது. ஃபான் பெல்ற்றைக் கட்டைவிரலால் அழுத்தினார்; அரை அங்குலம் உள்வாங்கியது, சரி. அதன்பின் ரேடியேற்றரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல நகர்த்தினார். இந்தக் காருக்கு வெப்பமானியே கிடையாது. கைதான் வெப்பமானி. மேல்தொட்டி சுட்டது, கீழ்த்தொட்டி பச்சைத்தண்ணீராக இருந்தது. நடுவில் ஒரு கையகலத்துக்குச் சூடே இல்லை. "வையுங்கோ தம்பி" என்று என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். குழாய்கள் அடைபட்ட இடம் அது.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கின்றன. மழை அந்தக் கல்லில் ஊறிக் கிணற்றுக்கு வரும்போது சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் சுட்டால் சுண்ணாம்பு பிரிந்து ஒட்டும். நம் வீட்டுக் கேத்தில் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவது அப்படித்தான். தீவுகளில் இதற்கு மேலே கடலும் இருக்கிறது. மழையால் வந்த நன்னீர் மெல்லிய படையாக மேலே நிற்கும், கீழே உவர். கோடையில் இறைக்க இறைக்க உவர் மேலேறும். அந்த உப்பு, இரும்பு பிளொக், பித்தளைக் குழாய், ஈயப் பற்றாசு மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு அரிக்கிறது. வேலணையின் சாட்டி மணற்பரப்புக் கிணறுகள் மட்டும் நல்ல தண்ணீருக்குப் பேர்போனவை. குடிக்க அங்கிருந்து பவுசரில் மற்ற ஊர்களுக்கும் போகிறது. குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? அதனால் உவர்க் கிணறு காருக்கு என்று ஒதுங்கிவிடுகிறது.

பிளொக்கின் பின்பக்க வடிகால் முனையைத் திறந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு, செங்காவிச் சேறு கட்டியாக விழுந்து, அதன்பின் தண்ணீர் பீறிட்டது. நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் இந்தச் சேறு எப்போதும் தங்கும். முன்னால் பம்ப் இருப்பதால் பின்பகுதிக்குப் போகிற தண்ணீரின் வேகம் குறைவு. போதாததற்கு, தேர்மோஸ்ராற்றையும் முன்பு எவரோ கழற்றி எறிந்திருந்தார்கள். வெப்ப நாட்டுக்கு அது தேவையில்லை என்பது இங்கே பரவலான நம்பிக்கை. அண்ணைக்கு அது பிடிக்காது. தடை இல்லாவிட்டால் தண்ணீர் சுலபமான வழியில் சுற்றிக்கொண்டு, பின்சிலிண்டரைப் பட்டினி போட்டுவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். தேர்மோஸ்ராற் கிடைக்காவிட்டால் அதன் இடத்தில் ஒரு வெற்று வளையமாவது போடுவார்.

1990, 1991இல் தீவகம் படையினர் வசமானபோது குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் அண்ணையும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் பொடியனாகச் சேர்ந்தார். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோலும் பற்றரியும் தடைப்பொருட்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்டவைக்கும். தட்டாமல் இருக்க, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவார்கள். பின்தள்ளினால் எரிதல் பிந்தி, எஞ்சின் இன்னும் சுடும். "தட்டுறதோ, கொதிக்கிறதோ, ரெண்டிலை ஒண்டைத் தெரிவு செய்யோணும். அந்த நாளையிலை நாங்கள் காதாலைதான் ரைமிங் வைச்சது." எரியாத எண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்ய, பேரிங் தேய்ந்தது. தேய்ந்ததையும் உள்ளூரிலேயே கடைந்து போட்டார்கள்.

ஏறத்தாழ அதே நாட்களில் தெற்கே மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்ய ஒரு தொழிற்சாலை எழுந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் இந்தக் கார்களைத் திருத்தி விற்ற சாள்ஸ் வெயர் இலங்கைப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து தொடங்கியது அது. பிரித்தானியர்களின் கார்களுக்கு இலங்கையில் தகடு அடிக்கப்பட்டது. அதே தீவின் வடக்கில் ஒரு ஃபான் பெல்ற்றுக்காக நைலோன் கயிறு முறுக்கினார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

அந்தக் கைகளின் அறிவு பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் வர வேண்டும். இப்போது கராஜில் இருக்கும் பொடியன் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் திருத்துகிறான். மொறிஸ் வந்தால் ஒதுங்கி நிற்கிறான். அவனைக் குறைசொல்ல முடியாது. கிழமைக்கு ஒன்று வரும் காரை நம்பி ஒருவன் தொழில் பழக மாட்டான். அன்று மூலையில் சாக்கில் கட்டிய ரேடியேற்றர் ஒன்றும் கிடந்தது. நெடுந்தீவில் இருந்து படகேறி வந்தது, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு உரியது. நெடுந்தீவுக்குத் தாம்போதி இல்லை. அங்கே நோய்ப்பட்ட உறுப்பு மட்டும் கடல் கடந்து வரும்.

மொறிஸின் ரேடியேற்றரை ரோச்சால் சூடுகாட்டி, பற்றாசு உருக மேல்தொட்டியைப் பிரித்தார்கள். உள்ளே குழாய்வாய்கள் வெள்ளையும் காவியுமாக மூடிக் கிடந்தன. தட்டையான மெல்லிய உருக்குத் தகட்டை ஒவ்வொரு குழாயாக உள்ளே தள்ளி இழுத்தார் அண்ணை. அவசரம் கூடாது, குழாய்ச் சுவர் கடதாசிக் கனம்தான். பின்னேரம்வரை அந்த வேலையே நடந்தது. பற்றாசு வைத்து மூடி, தேர்மோஸ்ராற் போட்டு, ரைமிங்கைச் சற்று முன்னே கொண்டுவந்து, தகரக் கூரையில் விழுந்த மாரி மழையைச் சேர்த்து வைத்திருந்த நீலப் பீப்பாயில் இருந்து தண்ணீர் எடுத்து, பாதிக்குப் பாதி கூலன்ற் கலந்து ஊற்றினார். 5 லீற்றருக்குக் கிட்டப் பிடித்தது. பிழையான மூடி குப்பைக்குப் போனது.

ஓட்டிப் பார்க்க, யாழ்ப்பாணத்தையும் தீவகத்தையும் இணைக்கும் பண்ணைத் தாம்போதிக்குப் போனோம். சோளகம் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து தீவுக்கு வரும்போது அந்தக் காற்று ரேடியேற்றரின் முகத்தில் அறைகிறது. எந்தக் காரும் கொதிக்காது. யாழ்ப்பாணம் நோக்கிப் போகும்போது காற்று முதுகில். கார் ஓடும் வேகத்தைக் காற்றின் வேகம் தின்றுவிட, ரேடியேற்றருக்குக் கிடைப்பது ஃபானின் காற்று மட்டும். அதனால் அவர் காரைப் பார்ப்பது எப்போதும் யாழ்ப்பாணப் பக்கமாக ஓட்டித்தான், அதுவும் மூன்றாம் கியரில்.

பண்ணை முடிவில் நிறுத்திப் பொனற்றைத் தூக்கினார். கீழ்த்தொட்டியில் கையை வைத்து, உடனே எடுத்தார். "இப்ப அடியும் சுடுது சேர். ஓட்டம் இருக்கு." ஆசிரியரும் தொட்டுப் பார்த்தார். மழைத்தண்ணீர்ப் போத்தல் இரண்டு எப்போதும் டிக்கியில் இருக்க வேண்டும், மாரி தொடங்கியதும் பீப்பாய் ஒன்று வைக்க வேண்டும் என்று அண்ணை சொல்லச் சொல்ல, அவர் சட்டைப்பையில் இருந்த துண்டில் எழுதிக்கொண்டார்.