குருவி விழும் இடத்தில்



மலைப்பிரசங்கத்தில் நம் ஆண்டவர் கொடுத்த கட்டளைகளில் எது மிக எளிதானது என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சத்துருக்களைச் சிநேகிப்பது எளிதன்று. மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டுவதும் எளிதன்று. மத்தேயு ஆறாம் அதிகாரம் 26-ஆம் வசனத்தில் பறவைகளைப் பார்க்கும்படி ஆண்டவர் சொல்லுகிறார். அதை நாம் ஓர் உவமைக்கு முன்னுரையாக எண்ணிக் கடந்துபோகிறோம், கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் ஏவல் வினை. கண்களைப் பதித்து உற்றுப் பார்ப்பதைக் குறிப்பது. லூக்கா 12:24-இல் காகங்களைப் பற்றி வரும் சொல் இன்னும் ஆழமானது. மனதைச் செலுத்தி, ஆராய்ந்து அறிந்துகொள்வது என்பது அதன் பொருள்.

லண்டன் லாங்ஹாம் பிளேஸ் ஆல் சோல்ஸ் ஆலயத்தில் நீண்டகாலம் ஊழியம் செய்த ஜான் ஸ்டாட் அவர்களை உங்களில் பலர் அவருடைய நூல்களின் வழியே அறிவீர்கள். பறவைகளை நமக்கு ஆசிரியர்களாகக் காட்டும் ஒரு நூலையும் அவர் 1999-ஆம் ஆண்டில் எழுதினார் என்பது நம் மக்களுக்கு அதிகம் தெரியாது. அவர் இந்த வசனத்தைக் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு, உலகெங்கும் பிரசங்கிக்கச் சென்ற இடங்களிலெல்லாம் பைனாகுலரோடு நடந்தவர்.

நாமோ தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. இந்த நாட்டின் ஜனவரி மாதத்தில் சமையலறை ஜன்னலே போதும். இலைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. கிளையில் அமரும் பறவை மறைந்துகொள்ள இடமில்லை. தோட்டத்தில் ஒரு ஃபீடரைத் தொங்கவிட்டு, உரித்த சூரியகாந்தி விதையும் கொஞ்சம் கொழுப்பு உருண்டையும் வைத்துப் பாருங்கள். முதலில் ராபின் வரும். கோடையில் ஜோடியாகத் திரிந்த ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு, இரண்டுமே பாடும்; குளிரில் பாடுகிற பறவைகள் இங்கே மிகச் சில. பிறகு புளூ டிட் என்னும் சின்னஞ்சிறு நீலமஞ்சள் பறவை வரும். அதன் எடை ஏறக்குறைய 11 கிராம். உள்ளங்கையில் இரண்டொரு காசுகளை வைத்தால் உணரும் பாரம்தான்.

அந்த 11 கிராமுக்குள் நடக்கும் போராட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இங்கே டிசம்பர் இறுதியில் பகல் சுமார் எட்டு மணி நேரம். இரவு பதினாறு மணி நேரம். உடல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு விரைவாக வெப்பம் வெளியேறும். ஆகவே அந்தக் குருவி விடிந்தது முதல் இருட்டும்வரை ஓயாமல் தின்று, கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்து, அதை இரவு முழுவதும் எரித்தே உயிரைக் காத்துக்கொள்கிறது. காலையில் அதனிடம் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம். மறுபடியும் தொடங்கவேண்டும். அன்றன்றுள்ள அப்பத்திற்காக ஜெபிக்கும்படி ஆண்டவர் கற்றுக்கொடுத்தாரே, அந்த ஜெபத்தின் பொருளைச் சம்பளம் வங்கிக்கு வந்துசேரும் நம்மைவிட இந்தப் பறவை நன்றாக அறியும்.

(கூர்ந்து பார்க்கிறவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கோல் டிட் என்னும் பறவை ஃபீடரிலிருந்து விதையை எடுத்துச்சென்று ஒளித்துவைக்கிறதே, பறவைகள் சேர்த்துவைப்பதில்லை என்று ஆண்டவர் சொன்னாரே என்று. உண்மைதான், அது ஒளித்துவைக்கிறது. ஆனாலும் அதற்குக் களஞ்சியமும் இல்லை, பூட்டும் இல்லை.)

பிதாவானவர் போஷிக்கிறார் என்றால் நாம் ஏன் தானியம் வைக்கவேண்டும்? இதையும் சிலர் கேட்பதுண்டு. எலியா கேரீத் ஆற்றண்டையில் இருந்தபோது காலையும் மாலையும் அவனுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்கள். கர்த்தர் ஒரு மனிதனைப் போஷிக்கப் பறவைகளைப் பயன்படுத்தியிருக்க, பறவைகளைப் போஷிக்க மனிதனைப் பயன்படுத்துவது புதுமையா? ஊரில் நம் பாட்டிமார் முறத்தில் அரிசி புடைத்தபின் நொய்யை முற்றத்தில் இறைத்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் ஒரு வார்த்தை. நேற்றைய புளிச்சோற்றையும் உப்பிட்ட வேர்க்கடலையையும் தோட்டத்தில் கொட்டாதிருங்கள். உப்பு அந்தச் சிறு உடல்களுக்குக் கேடு. உப்பில்லாத வெறும் சோறு ஆகும். கொழுப்பு உருண்டைகள் பிளாஸ்டிக் வலைக்குள் வந்தால், வலையை அறுத்துவிட்டு வையுங்கள். பறவையின் கால் அதில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் உறைந்திருந்தால் தினமும் மாற்றுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஃபீடரை வாரந்தோறும் கழுவுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், கிரீன்ஃபிஞ்ச் என்னும் பச்சைநிறக் குருவிக்கு நேர்ந்தது அப்படிப்பட்டது. 2005-ஆம் ஆண்டிலிருந்து ஒரு நோய் இந்த நாட்டில் அவற்றைத் தாக்கிவருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ஒன்று தொண்டையில் வளர்ந்து, பறவையை விழுங்கமுடியாமல் செய்துவிடுகிறது. நோயுற்ற பறவை வாயிலெடுத்த விதையைத் திரும்பக் கீழே போட, அதே விதையை அடுத்த பறவை கொத்துகிறது. அப்படித்தான் அன்போடு வைத்த பந்தியே நோய் பரவும் இடமாகிவிட்டது. ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்ட அந்தக் குருவி 2021-ஆம் ஆண்டில், பெரிதும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நோயுற்றதை நீங்கள் கண்டால் அறிவீர்கள்: இறகுகளை உப்பிக்கொண்டு, தானியத்தின் நடுவிலேயே அசையாமல் அமர்ந்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் ஃபீடரை எடுத்துவிடுங்கள். சில வாரங்கள் ஒன்றும் வைக்காதிருங்கள். அந்த வேளையில் அதுவே அன்பு.

இங்கேதான் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பிய காரியத்திற்கு வருகிறேன். நம் சபையின் ஒரு சகோதரியிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். அவர்களுடைய கணவரை நவம்பர் மாதத்தில் அடக்கம்செய்தோம். தோட்டத்துப் பறவைகளுக்குத் தானியம் வைப்பது அவருடைய வழக்கம்; இப்போது அதை அவர்கள் செய்துவருகிறார்கள். ஒருநாள் காலையில் ஃபீடரின் கீழே, உறைபனியில், ஒரு கிரீன்ஃபிஞ்ச் இறந்துகிடந்தது. நான் பார்க்கச் சென்றபோது சகோதரி சொன்னார்கள்: "ஐயா, துக்கம் விசாரிக்க வந்த எல்லாரும் அந்தக் குருவி வசனத்தைத்தான் சொன்னார்கள். பிதாவின் சித்தம் இல்லாமல் விழாதாம். அப்படியானால் விழவேண்டும் என்று நினைத்தவர் அவர்தானா? இதையும், அவரையும்?"

பிரியமானவர்களே, இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. பறவைகள் விழுகின்றன. 1962 டிசம்பர் இறுதியில் தொடங்கிய பனி இந்த நாட்டில் அடுத்த மார்ச் தொடக்கம்வரை நீடித்தது. இங்கிலாந்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத குளிர்காலம் அது. ரென் என்னும் சிறு பழுப்புப் பறவைகளின் பெரும்பகுதி அந்த மாதங்களில் மடிந்துபோனது. பறவைகளைக் கவனிக்கச் சொன்ன ஆண்டவர் இதை அறியாதவரல்லர். தரையில் விழும் குருவியைப் பற்றி வேதத்தில் பேசுகிறவரே அவர்தான்.

மத்தேயு 10:29-ஐத் திறந்து பாருங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் "சித்தம்" என்ற சொல் இருக்கிறது. பொருளைத் தெளிவாக்க விரும்பி மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த சொல் அது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. உங்கள் பிதா இல்லாமல் அவைகளில் ஒன்றும் விழுவதில்லை என்ற அளவிலேயே மூலம் நின்றுவிடுகிறது. பிதாவின் ஆளுகையை நான் குறைத்துப் பேசவில்லை. அடுத்த வசனத்திலேயே நம் தலைமயிர்கூட எண்ணப்பட்டிருக்கிறது. ஆனால் ஆண்டவர் அந்த இடத்தில் நமக்குச் சொல்ல விரும்பியது, விழுவதற்கான காரணம் அன்று; விழும் இடத்தில் யார் இருக்கிறார் என்பது. அதைச் சொன்ன வேளையையும் கவனியுங்கள். சீஷர்களை ஓநாய்களுக்குள்ளே அனுப்புகிறார். சரீரத்தைக் கொல்லுகிறவர்களைப் பற்றி அதற்கு முந்தின வசனத்தில்தான் பேசியிருக்கிறார். நீங்கள் விழமாட்டீர்கள் என்று அவர்களுக்கு அவர் வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் கெத்செமனேயில் முகங்குப்புற விழுந்தார்.

லூக்கா எழுதியதையும் சேர்த்துப் பாருங்கள். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அந்தக் காசு, கூலியாள் ஒருநாள் உழைத்துப் பெறும் பணத்தில் பதினாறில் ஒரு பங்கு. நான்கு வாங்கினால் ஐந்தாவதைக் கடைக்காரன் சும்மா போட்டுவிடுகிறான். அதற்கு விலையே இல்லை. விலையில்லாத அந்த ஐந்தாவதும் தேவனுடைய நினைவை விட்டு நீங்குவதில்லை என்கிறார் ஆண்டவர். அவற்றை நம் முன்னோர் வேதாகமத்தில் அடைக்கலான் குருவி என்று எழுதினார்கள். அடைக்கலம் என்ற சொல்லையே பெயரில் சுமந்து, மனிதர் வீட்டு இடுக்குகளில் கூடுகட்டும் குருவி. 84-ஆம் சங்கீதத்தில் அது கர்த்தருடைய பீடங்களின் அருகே வீடு கண்டடைகிறது. 102-ஆம் சங்கீதத்தில் தூக்கமில்லாதவனுக்கு வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியே ஒப்புமை. இரண்டும் ஒரே புஸ்தகத்தில் இருக்கின்றன.

இதையெல்லாம் சகோதரியிடம் ஒரு விளக்கவுரையாக நான் சொல்லவில்லை. மூலத்தில் அந்தச் சொல் இல்லை என்பதை மட்டும் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார்கள். பிறகு, "அவர் போன இரவில் வார்டில் நான் இல்லை, ஐயா. வீட்டுக்குப் போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். யாருமே பக்கத்தில் இல்லையே என்பதுதான் எனக்கு" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வசனத்தை மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். இருவரும் தோட்டத்திற்குப் போய் அந்தப் பறவையை ரோஜாச் செடியின் அடியில் புதைத்தோம். ஃபீடரைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்தோம். அது இப்போது அவர்களுடைய ஷெட்டில் இருக்கிறது. பிப்ரவரி முடிவில் மறுபடியும் தொங்கவிடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ரென் பறவைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இன்று பிரிட்டனில் கூடுகட்டும் பறவைகளில் மிக அதிகமானது அதுவே. அதன் சுபாவம் சண்டைக்காரச் சுபாவம். தன் எல்லைக்குள் இன்னொரு ரென்னைப் பொறுத்துக்கொள்ளாது. ஆனால் கடுங்குளிர் இரவுகளில் அவை ஒன்றையொன்று தேடி ஒரே பொந்துக்குள் நெருங்கி அடைகின்றன. 1969-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நார்ஃபோக்கில் ஒரே ஒரு கூடுபெட்டிக்குள் 61 ரென்கள் அடைந்ததை எண்ணியிருக்கிறார்கள். அரையடிப் பெட்டி. பகலில் ஒன்றையொன்று துரத்தியவை.

நம் சபையில் சில வீடுகளில் இந்த மாதம் ஹீட்டரை அணைத்துவைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரும் அதை வெளியே சொல்லவில்லை. சொல்லக் கூச்சப்படுவது நம் மக்களின் இயல்பு. யார் வீட்டுக் காரியம் யாருக்குத் தெரியக்கூடாது என்ற கணக்கும் நமக்குள் உண்டு. ஆகவே மூப்பர்களோடு பேசி ஒன்றைத் தீர்மானித்திருக்கிறோம். மார்ச் முடியும்வரை செவ்வாய், வியாழன் இரு நாட்களும் காலை பத்து மணிமுதல் மாலை நான்கு மணிவரை ஆலயக் கூடம் திறந்திருக்கும். ஹீட்டர் ஓடும். பகலில் சோறும் பருப்பும் இருக்கும். வருகிறவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுவரலாம். பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம். தனியாயிருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரியுமானால் போய் அழைத்துக்கொண்டு வாருங்கள். கூடத்தின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே வாலிபர்கள் ஒரு ஃபீடரும் மாட்டியிருக்கிறார்கள். அதைச் சனிக்கிழமைதோறும் கழுவ இரண்டு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னிடம் சொல்லுங்கள்.