அம்மாவின் அட்டிகை: விற்கலாமா?

அம்மா காலமான பிறகு பீரோவில் இருந்தவை ஒரு கெம்புக்கல் அட்டிகையும் ஒரு முறுக்குச் செயினும். மகனின் காலேஜ் ஃபீஸுக்கு அட்டிகையை விற்கலாம் என்றாள் தங்கை. பாட்டி கழுத்திலிருந்து அம்மா கழுத்துக்கு வந்தது, கொடுக்க மனசு வரவில்லை என்றாள் அக்கா. இரண்டுமே நியாயம்தான்.

நகைக்கடையில் கணக்கு வேறாக இருந்தது. கல்லின் எடையையும் உள்ளே அடைத்த அரக்கின் எடையையும் கழித்தார்கள். ஹால்மார்க் இல்லாத பழைய நகை. சோதித்ததில் 916 தரத்துக்கும் குறைவு. அன்று கொடுத்த செய்கூலி, சேதாரம் எதுவும் திரும்பாது. கையால் கல் பதித்த ஆசாரியின் வேலைக்கு ஒரு பைசா கிடையாது. உருக்கினால் அதுவும் போய்விடும். செயினிலோ கழிக்கக் கல்லும் இல்லை, அரக்கும் இல்லை.

செயினை விற்றார்கள். அதில் தன் பங்கை அக்கா ஃபீஸுக்கே விட்டுக்கொடுத்தாள். அட்டிகை இருவருக்கும் பொது. லாக்கரில் தூங்கக் கூடாது. யார் வீட்டில் விசேஷமோ, அவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

நம் வீட்டுப் பெண்கள் நகை சேர்த்ததே கஷ்டத்துக்கு உதவும் என்றுதான். விற்பது தப்பில்லை. விற்றால் எது திரும்பக் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு விற்க வேண்டும்.