உருளைக்கிழங்கு சாட்சி

மாப்பிள்ளை ஸ்பேனரும் கையுமாகத் தோட்டத்தில் குந்தி, மகளின் டிராம்பொலினைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல புயல்னா மொதல்ல பறக்குறது இதுதான் மச்சான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணு நம்ம தோட்டத்துல வந்து விழுந்துச்சு. யாரோடதுன்னு இன்னும் தெரியல."

2025 ஜனவரி 23, வியாழக்கிழமை மதியம். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே நகரிலிருந்து கடலோரமாகவே இருபது கிலோமீட்டர் போனால் ஸ்பிடல் என்று ஒரு சிற்றூர். அதற்கும் சற்றுத் தள்ளி என் தங்கை வீடு. அவள் கால்வேயில் நர்ஸ். பொங்கல் முடிந்த கையோடு, மூன்று வாரம் இருந்துவிட்டு வரலாமென்று போயிருந்தேன்.

நான் வேதாரண்யத்துக்காரன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா எங்கள் தலைக்கு மேலேதான் கரையேறியது. அன்று தென்னந்தோப்புகள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் மாப்பிள்ளை நட்டைக் கழற்றுவதைப் பார்த்தபோது எனக்குள் கொஞ்சம் மிதப்பு இருந்தது. குளிர்நாட்டுக் காற்றுதானே, நமக்கா சொல்லித்தர வேண்டும்?

எயோவின் என்பது புயலின் பெயர். டோல்கீன் கதையில் வரும் வீராங்கனையாம். கஜா என்ற பெயரை இலங்கை கொடுத்தது. எயோவினைப் பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து மூன்றும் சேர்ந்து வைத்திருக்கும் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். பெயரை உச்சரிக்கத் தெரியாமல் திண்டாடிய ஊர், எச்சரிக்கையின் நிறத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தீவு முழுவதற்கும் சிவப்பு. பள்ளி கிடையாது, பஸ் கிடையாது, வெளியே தலைகாட்டாதீர்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போனோம். பால் இருந்தது, ரொட்டி அலமாரி துடைத்துவிட்டாற்போல் காலி. "புயல்னா இவங்களுக்கு ரொட்டி வேணும். நமக்கு மெழுகுவத்தி மாதிரி" என்றார் மாப்பிள்ளை.

தங்கை சாயங்காலமே ஒரு பையில் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். இரவு டியூட்டி. மறுநாள் ரோடு திறக்கும்வரை அங்கேயேதான். "பாப்பாவ ஜன்னல் பக்கம் படுக்கவைக்காத அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வங்கக் கடல் புயல் சூடான நீரில் பிறப்பது. கடலின் சூடுதான் அதற்குத் தீனி. கரையேறிவிட்டால் பட்டினி கிடந்து சாகும். இது வேறு சாதி. வடக்கத்திக் குளிரும் தெற்கத்திச் சூடும் முட்டிக்கொள்ளும் எல்லையில் பிறந்து, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றின் தோளில் ஏறி வருவது. அந்த வாரம்தான் அமெரிக்காவில், பனியை அபூர்வமாகவே பார்க்கும் நியூ ஆர்லியன்ஸ் நகரம் பனியில் மூழ்கியிருந்தது. அந்தக் கடுங்குளிர் அட்லாண்டிக் பக்கம் சரிந்தபோது ஜெட் காற்றுக்கு வெறி பிடித்தது. ஒரு நாளில் புயல் மையத்தின் அழுத்தம் 24 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்கினாலே வானிலைக்காரர்கள் 'வெடிகுண்டு' என்பார்கள். இது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கியது.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று இரவு இரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவில் கடிதம் போடும் சந்தின் தகரமூடி தானாகப் பேச ஆரம்பித்ததுதான். முதலில் ஒரு தட்டு, பிறகு இரண்டு, பிறகு நிறுத்தமே இல்லை. மூன்றரைக்குக் கரண்ட் போனது. புகைபோக்கி மூச்சு விட்டது. மச்சில் ஏறுவதற்கான பலகைக் கதவு தூக்கித் தூக்கிப் போட்டது. டார்ச்சோடு கழிப்பறைக்குப் போனால், பீங்கானுக்குள் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கடல். மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஐந்து மணி வாக்கில் உச்சம். கஜாவின்போது ஊளைதான் கேட்டது; ஏற்றமும் இறக்கமுமாக, ஒரு மிருகத்தின் குரல்போல. இது ஒரே சுருதி. ரயில் ஒன்று வீட்டுக்கு மேல் ஏறி நின்று, போகவே மாட்டேன் என்பதைப்போல. எங்களுக்கு மேற்கே, கோனமாரா கரையின் மேஸ் ஹெட் வானிலை நிலையத்தில் அந்த நேரம் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேலான வீச்சு பதிவாகியிருந்தது. 1945 ஜனவரியில் ஃபாயின்ஸ் என்ற ஊரில் பதிவான 182 கிலோமீட்டர்தான் அதுவரை அந்நாட்டின் உச்சம். எண்பது வருஷத்துக் கணக்கு அன்று கழிந்தது.

நான் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் புயலுக்குக் கண் உண்டு. கண் கடக்கும்போது திடீரென்று எல்லாம் ஓயும். விவரம் தெரியாதவர்கள் வெளியே வருவார்கள், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். "ஓஞ்சுடும், ஆனா ஓஞ்சா வெளிய போகக் கூடாது" என்று மாப்பிள்ளையிடம் இரண்டு முறை சொன்னேன். ஓயவே இல்லை. இந்தச் சாதிக்கு அப்படிக் கண் கிடையாது. காற்று தெற்கிலிருந்து மேற்குக்குத் திரும்பியதே தவிர, இளைப்பாறவில்லை. என் அனுபவம் அந்த இருட்டில் எதற்கும் உதவவில்லை. மிதப்பும் அங்கேயே இறங்கியது.

பாப்பாவுக்கு ஐந்து வயது. அவள் எல்லாவற்றையும் தூங்கிக் கழித்தாள்.

ஜனவரியில் அங்கே எட்டரைக்குமேல்தான் விடியும். விடிந்தும் ஜன்னலில் வெளிச்சம் வரவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளை. பனி என்று நினைத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் எங்கள் வீட்டின் மேல் தெளித்துவிட்டுப் போயிருந்தது. கூரையின் கல்லோடுகள் நாலைந்து புல்தரையில் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றன. குப்பைத் தொட்டியைக் காணோம். ஆனால் வயலைச் சுற்றிய கற்சுவர்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வானம் தெரியும். முதல் நாள் பார்த்தபோது, இதென்ன ஓட்டைச் சுவர், ஒரு தள்ளுக்குத் தாங்காதே என்று நினைத்தேன். ஓட்டை இருப்பதால்தான் நிற்கிறதாம். காற்றை மறிக்காமல் வடிகட்டி அனுப்பிவிடுகிறது.

குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கிராமத்து வீடுகளுக்குச் சொந்தக் கிணறு. பம்ப் ஓடக் கரண்ட் வேண்டும். வீட்டைச் சூடாக்குவது எண்ணெய் பாய்லர். அதை மூட்டவும் கரண்ட் வேண்டும். கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் செத்தது. மத்தியானம்வரை தங்கையைப் பற்றித் தகவல் இல்லை. மாப்பிள்ளை கேட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். நாலு மணிக்கு அவள் வந்தாள். சாய்ந்து கிடந்த மின்கம்பத்துக்கு அந்தப் பக்கமே காரை நிறுத்திவிட்டு, கடைசிப் பர்லாங்கை நடந்து வந்திருந்தாள். வந்ததும் கேட்டது, "தண்ணி வருதா?"

நாடு முழுக்க 7,68,000 இணைப்புகள் அறுந்திருந்தன. வடக்கு அயர்லாந்தையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். டொனிகால் பகுதியில் கார்மேல் மரம் விழுந்து ஓர் இளைஞர் இறந்துபோனார். உள்நாட்டில் சிட்கா ஸ்ப்ரூஸ் தோட்டங்கள் ஏக்கர் ஏக்கராகப் படுத்துவிட்டன. ஈரமண்ணில் வேர் ஆழம் போகாத மரம். எங்கள் ஊர்த் தோப்புகளைப்போலவே ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்ததை, பிறகு டப்ளினுக்குப் போகும் வழியில் பார்த்தேன். அதற்குமேல் பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு அடுப்பு. அங்கே எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். பாப்பாவுக்கு அவர் கிரானி. பிள்ளைகள் புது ஹீட்டர் வாங்கித் தருகிறோம் என்று பலமுறை சொல்லியும், அந்தக் கனத்த இரும்பு அடுப்பை அவர் விடவில்லை. அதற்குத் தீனி டர்ஃப்: சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி வெயிலில் காயவைத்தது. பார்க்க நம் வறட்டி மாதிரியே இருக்கும், வாசம்தான் வேறு. மற்ற வீடுகளெல்லாம் ஐஸ்பெட்டிபோல் குளிர்ந்து கிடக்க, அந்தச் சமையலறை மட்டும் சூடு. நாங்கள் நாலு பேர், எதிர்வீட்டுத் தம்பதி, அவர்கள் நாய், எல்லோரும் அங்கேதான். பகலில் ஊர்ச் சமூகக்கூடத்துக்குப் போய் ஜெனரேட்டரில் செல்போனைச் சார்ஜ் ஏற்றுவோம். அங்கே யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கரண்ட் வந்துவிட்டதா? கஜா முடிந்து நாங்கள் ஒருவரையொருவர் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்ட அதே கேள்வி, அதே தொனி. வந்தவன் குரலில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருக்கும். வராதவன் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

மூன்றாம் நாள் இரவு கிரானி அடுப்பில் உருளைக்கிழங்கைத் தோலோடு சுட்டெடுத்து, வெண்ணெய் தடவிப் பாப்பா கையில் கொடுத்தார். அவள் தட்டை வாங்காமல், கைமாற்றிக் கைமாற்றி ஊதித் தின்றாள்.

"சரி, உனக்குப் பென்ஷன் உறுதி" என்றார் கிரானி.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் சொன்ன கதை இது. 1839 ஜனவரி 6, ஞாயிறு இரவு. கிறிஸ்துமஸ் காலத்தின் கடைசி நாள். பகல் முழுவதும் வழக்கத்துக்கு மாறான புழுக்கம். ஓர் இலை ஆடவில்லை. ராத்திரி அடித்தது பாருங்கள், அதற்கு ஐரிஷ் மொழியில் வைத்த பெயர் 'பெருங்காற்று இரவு'. வைக்கோல் கூரைகள் பறந்தன. அடுப்புக் கங்கு காற்றில் பறந்து லாக்ரே போன்ற ஊர்களில் வரிசை வரிசையாக வீடுகள் எரிந்தன. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கடல் மீன் உள்நாட்டு வயல்களில் கிடந்ததாம்.

அந்தத் தலைமுறை அந்தக் காற்றின் நினைவோடு வாழ்ந்துகொண்டிருந்தபோது, 1909 ஜனவரியில் அரசாங்கம் முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது. எழுபது வயது ஆனவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங்வரை. அதற்கு வயதை நிரூபிக்க வேண்டுமே? அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதிய ஆரம்பித்ததே 1864இல்தான். கிழவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கணக்கைப் பாருங்கள்: 1909இல் எழுபது என்றால், 1839 காற்றுக்கு முன் பிறந்திருக்க வேண்டும். ஆக, பெருங்காற்று உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டார்கள். கிழவர்கள் கற்றுக்கொண்ட பதில், "அன்னைக்கு ராத்திரி கையில உருளைக்கிழங்கு வச்சுத் தின்னேனே!" கிழங்கைத் தானே பிடித்துத் தின்னும் வயதென்றால் எழுபது நிச்சயம் தாண்டியிருக்கும் அல்லவா? அப்புறம் என்ன, நாடெங்கும் அத்தனை பேரும் அந்த இரவில் உருளைக்கிழங்கு தின்றிருந்தார்கள்! எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் பென்ஷன் வாங்கினார்களாம்.

எதிர்வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் அப்பாயியை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் பிறந்த தேதி கிடையாது. ரேஷன் கார்டில் இருந்தது யாரோ எழுதிய ஆங்கில மாதம். ஆனால் வயசைக் கேட்டால் ஒரே பதில்: "நாகப்பட்டினத்துப் புயலப்ப நான் வயசுக்கு வந்து ஒரு வருஷம்." அது 1952 கார்த்திகை. பெரிய அத்தை பிறந்தது, வீடு கட்டியது, பசு செத்தது எல்லாமே புயலுக்கு முன், புயலுக்குப் பின். அட்லாண்டிக் ஓரத்தில் ஒரு கிழவி அதே நாட்காட்டியைப் பிரித்துக் காட்டுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது கிரானி ஆச்சரியப்படவில்லை. "வேறு எதை வைத்து நினைவு வைப்பது?" என்றார்.

கரண்ட் கம்பெனியிலிருந்து வரும் குறுஞ்செய்தியில் தேதி தள்ளிக்கொண்டே போனது. பிரான்ஸ், நெதர்லாந்து, பின்லாந்திலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்திருந்தார்கள். எங்கள் ரோட்டில் ஏணி சாத்திய இரண்டு பேருக்கு ஆங்கிலம் தடுமாற்றம். தங்கை பிளாஸ்க்கில் இஞ்சி டீ எடுத்துக்கொண்டு போனாள். கஜாவின்போது கேரளத்திலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளிகளுக்கு எங்கள் தெரு சாம்பார் சாதம் கொடுத்தது. அன்று மொழி ஒரு பொருட்டாக இருக்கவில்லை, இங்கும் இல்லை.

ஜனவரி 31 மாலை கிரானி பாப்பாவை மடியில் உட்காரவைத்து, கோரைத் தண்டுகளை மடித்து மடித்து ஒரு சிலுவை பின்னக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் புனித பிரிஜிட் திருநாள். அங்கே வசந்தத்தின் முதல் நாள். கதவுக்கு மேல் மாட்டினால் வீட்டைக் காக்குமாம். பாய்க்குத்தான் கோரை என்று இருந்த எனக்கு அது புதிது.

மறுநாள், ஒன்பதாம் நாள் சாயங்காலம், நாங்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமியது. தலைக்கு மேல் பல்பு எரிந்தது. எதிர்வீட்டில் யாரோ கத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் சமையலறை காலியாகிவிட்டது. அவரவருக்கு அவரவர் வீடு, துணி துவைக்கும் மெஷின், வெந்நீர். கிரானி மிச்சமிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு பாப்பா தன் கட்டிலில், தன் விளக்கு வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்:

"மாமா, மறுபடி எப்பக் கரண்ட் போகும்?"