8 நாள் கணக்கு

கெமிக்கல் கைனடிக்ஸ்னாலே உங்களுக்குக் கொட்டாவி வருதா? 0.693-ஐ ஹாஃப் லைஃபால வகுத்தா ரேட் கான்ஸ்டன்ட். ரெண்டு மார்க் கேள்வி, அவ்ளோதான்! திருச்சியில் கெமிஸ்ட்ரி படிச்ச எனக்கும் அதோட உறவு அந்த ரெண்டு மார்க்தான். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்திக்கு தைராய்டு கேன்சர் என்று தெரியும்வரை.

ஆபரேஷன் முடிந்ததும் அயோடின்-131 கொடுத்தார்கள். தைராய்டு செல்களுக்கு அயோடின் என்றால் உயிர். தேடி விழுங்கும். கூடவே போன கதிரியக்கம், மிச்சமிருக்கிற கேன்சர் செல்களை அழித்துவிடும். ஒரே சிக்கல், மருந்து உடம்பில் இருக்கும்வரை சித்தியிடமிருந்தும் கதிர்வீச்சு வரும். அதனால் வார்டில் தனியறை. வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் குழந்தையைத் தூக்கக்கூடாது. சித்தி பையனுக்கு ரெண்டே வயசு!

"பெத்தவகிட்ட புள்ளைய விடக்கூடாதாம், இது என்னடா வைத்தியம்?" பாட்டி புலம்பித் தீர்த்துட்டாங்க.

சத்திரத்தில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டுறதுக்குள்ள மனசுல கணக்குப் போட்டேன். அயோடின்-131-க்கு ஹாஃப் லைஃப் 8 நாள். ரேட் கான்ஸ்டன்ட் நாளுக்கு 0.087. ஃபர்ஸ்ட் ஆர்டர் என்பதால் எவ்வளவு டோஸ் கொடுத்தாலும் பாதியாகிற நேரம் மாறாது. 8 நாளில் பாதி, 16-ல் கால், 24-ல் அரைக்கால். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்தக் கால வாய்ப்பாடு படிச்ச பாட்டிக்குச் சட்டுனு புரிஞ்சுது. முகம் வாடிடுச்சு.

"அப்போ ஒரு மாசமாடா?"

இல்லை! உடம்பும் சும்மா இருக்காதே. சிறுநீர் வழியா மருந்தை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும். ஆக, ரெண்டு வழியில் குறையுது. இங்கேதான் மேட்டர். இந்த மாதிரி நேரத்துல ஹாஃப் லைஃபைக் கூட்டக்கூடாது; ரேட் கான்ஸ்டன்ட்டைத்தான் கூட்டணும். உடம்பு 2 நாளில் பாதியை வெளியேத்துதுன்னு சும்மா ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. அது 0.347. கூட 0.087. மொத்தம் 0.434. இப்போ 0.693-ஐ இதால வகுங்க... 1.6 நாள்! 8 எங்கே, 1.6 எங்கே? 'நிறைய தண்ணி குடிங்க'ன்னு டாக்டர் சொன்னது ஏன்னு இப்போ புரியுதா?

அந்த 2 நாள் நான் போட்ட உதாரணம்தான். ஆளுக்கு ஆள் உடம்பு மாறும். அதனாலதான் ஆஸ்பத்திரியில் மீட்டர் வெச்சு அளந்து பார்த்து நாள் குறிக்கிறாங்க. சூத்திரம் தெரியும்னு நாமளா தேதி முடிவு பண்ணக்கூடாது, சரியா?

டாக்டர் சொன்ன தேதியை பாட்டி காலண்டரில் வட்டம் போட்டாங்க. அதுவரை வாண்டு பாட்டி இடுப்பில். அறைக்குள்ளிருந்து சித்தி கையசைப்பாங்க, இவன் வாசலில் இருந்து 'டாட்டா' காட்டுவான். ஏன், எதுக்குன்னு தெரிஞ்சதால, பாட்டி அதுக்கப்புறம் புலம்பவே இல்லை.

அடுத்த தடவை 0.693 கண்ணில் பட்டா பக்கத்தைத் திருப்பாதீங்க. யாரோ ஒரு அம்மா அதை வெச்சுத்தான் நாள் எண்ணிக்கிட்டு இருப்பாங்க.