எங்கே போகிற வண்டி

பட்டறையில் வண்டியை நிறுத்தியதும் பெரும்பாலானவர்கள் கேட்பது இதுதான்: "எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா ஆயில் மாத்தோணுங்க?" பதில் கம்பெனி கொடுத்த புத்தகத்திலேயே இருக்கிறது. இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. அதைச் சொல்லி அனுப்பிவிடலாம். நான் திருப்பிக் கேட்பேன்: "வண்டி எங்கீங்க போயிட்டு வருது?" குடும்ப விஷயம் விசாரிக்கிறானே என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்கள்.

பொள்ளாச்சியில் நான் தொழிலுக்கு வந்த நாட்களில் அம்பாசடர்தான் எங்களுக்கு அரிச்சுவடி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் டிப் ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். விரலைப் பிரித்து நூல் இழைகிறதா என்று பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். பிறகு "இறக்கிரு தம்பி" என்பார், அல்லது பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஊற்றுவது எப்போதும் 20டபிள்யூ-40. வேறு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிரமமே எங்களுக்கு இருந்ததில்லை. போர் தேய்ந்து புகை தள்ளுகிற என்ஜினுக்கு மட்டும் அதைவிடக் கெட்டியாக எதையாவது ஊற்றி, இறக்கி வேலை பார்ப்பதை ஆறு மாதம் தள்ளிப்போடுவதும் உண்டு.

அந்த விரல் பாடத்தில் பாதி இன்றும் செல்லும். மூக்கை நம்பலாம். நிறத்தை நம்பக் கூடாது. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி நூறு கிலோமீட்டர் போனாலே கறுத்துவிடும். எரிந்த கரியை ஓரிடத்தில் படியவிடாமல் ஆயிலில் கலந்திருக்கும் மருந்து தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கறுத்த ஆயிலைக் காட்டிப் பயமுறுத்திக் காசு வாங்குவது எங்கள் தொழிலில் இருக்கிற பழைய பிழைப்பு. காப்பியில் பால் கலந்த நிறத்தில் வந்தால் மட்டும் நான் பயப்படுவேன். ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

கெட்டி ஆயில் புத்தியால் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் டேப்பெட் சத்தம் கேட்கிறது என்று புதிய சின்ன கார் ஒன்று வந்தது. புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று போட்டிருந்தது. தண்ணீர் மாதிரி இருக்கிறதே, நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா என்று 20டபிள்யூ-40 ஊற்றி அனுப்பினேன். இரண்டு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. காலைச் சத்தம் அடங்க முன்னைவிட அதிக நேரம் ஆகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. என் செலவில் இறக்கி, புத்தகம் சொன்னதையே ஊற்றினேன்.

அதன் பிறகுதான் அந்த எண்களை உட்கார்ந்து படித்தேன். டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். பொள்ளாச்சியில் ஏது குளிர்காலம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஓடுகிற என்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும். அந்தக் கணக்கில் நம் ஊர் விடியற்காலையின் 25 டிகிரி ஆயிலுக்குக் குளிர்தான். முன் எண் சின்னதாக இருந்தால் குளிரிலும் இளகி, சீக்கிரம் மேலே ஏறும். பின் எண் 100 டிகிரியில் ஆயிலுக்கு இருக்கும் கெட்டித்தனம். வெயிலைத் தாங்குகிற வேலை அந்தப் பின் எண்ணுடையது, அதை என்ஜினை வடிவமைத்தவர்களே யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள். இப்போதைய என்ஜின்களில் வால்வு நேரத்தை மாற்றுகிற பாகம்கூட மெல்லிய துளை வழியாக வரும் ஆயில் அழுத்தத்தில்தான் அசைகிறது. அங்கே அண்ணனின் விரல் நுழையாது. டப்பாவில் இன்னொரு குறியீடும் இருக்கும். பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். புதியது பழைய பெட்ரோல் காருக்கும் ஆகும், பழையதைப் புதிய காருக்கு ஊற்றக் கூடாது.

இனி எங்கே போகிற வண்டி என்பதற்கு வருகிறேன். எனக்கு வாடிக்கையான டாக்ஸி ஒன்று விமான நிலையம், சென்னை என்று நெடுஞ்சாலையிலேயே கிடக்கும். 10,000 முடித்து வந்தாலும் அதன் ஆயில் கையில் நன்றாகவே இருக்கும். வால்பாறைக்கு ஆள் ஏற்றுகிற வண்டியின் கதை வேறு. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், முழுப் பாரத்தோடு இரண்டாவது கியரில் ஏறும். அதற்கு 5,000தான். புத்தகத்தின் பின்பக்கத்தில் மலை, புழுதி, குறைந்த தூர ஓட்டம் எல்லாவற்றையும் கடினமான உபயோகம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

மூன்றாவது வண்டி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடையது. வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து கோயில். ஒரு நடைக்கு ஒன்றரை கிலோமீட்டர். "வருசத்துக்கு மூவாயிரம்கூட ஓடலீங்க, இன்னும் மூணு வருசம் தாங்கும்" என்று வந்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். அடியில் வெண்ணெய் தடவியதுபோல் ஒட்டியிருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சம்ப்புக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடானால் அதுவும் ஆவியாகிப் போய்விடும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் சூடாக இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். வாத்தியாரின் கோயில் அதற்குள் வந்துவிடுகிறது.

டீசலில் இது இன்னும் மோசம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க என்ஜின் தானே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நடுவிலேயே அணைத்துவிட்டால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்துவிடும். "எங்க வண்டியில ஆயில் குறையறதே இல்லீங்கண்ணா" என்று பெருமையாகச் சொன்னார் ஒருவர். டிப் ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்து பார்த்தால் பங்க் வாசனை. இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் சி2, சி3 என்று எதைப் புத்தகம் கேட்கிறதோ அது. கரி எரியும், ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்க வேண்டும். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே முறுக்க வேண்டும். டிரெயின் போல்ட் முதல் மூன்று சுற்றுக் கையில் ஏறாவிட்டால் ஸ்பானர் வைக்கவே கூடாது. அலுமினியச் சம்ப்பில் மரை போனால் நாலு மணி நேர வேலை. காலி டப்பாவில் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிடுவேன். அதை நல்ல விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்கென்று நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை.

வாத்தியாரிடம், வாரம் ஒருதரம் ஆழியாறு வரைக்குமாவது போய்வாருங்கள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார். மெக்கானிக் எழுதிக் கொடுத்த மருந்து என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாராம். போன மாதம் மூடியைத் திறந்தபோது வெண்ணெய் இல்லை. "பாத்தீங்களா, அப்ப அடுத்த வருசம் மாத்திக்கலாமுங்களா?" என்றார். கடைசியாக ஆயில் மாற்றிய பிறகு 4,200 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஆனால் வருடம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.