பாபுவும் அவுட்!

மே மாதம் பிறந்தாலே என் போன்ற அம்மாக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பினால் வெயில், உள்ளே வைத்திருந்தால் சண்டை. கத்திக் கத்தியே நம் தொண்டை வறண்டு போகும்.

2023-ஆம் வருஷக் கோடையில் எங்கள் குடியிருப்பில் இதற்கு ஒரு வழி பண்ணினோம். சென்னையில் மெரினாவுக்குப் பக்கம்தான் எங்கள் வீடு. மூன்று பெண்கள் சேர்ந்து, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை, பதினைந்து நாட்களுக்கு ஒரு சம்மர் கேம்ப். ஒருத்தி படம் வரையச் சொல்லித் தருவாள். இன்னொருத்தி கதையும் பாட்டும். பத்தாவதோடு நின்றுவிட்ட எனக்குக் கைவேலை, விளையாட்டு, பதினோரு மணி மோர். தலைக்கு முந்நூறு ரூபாய். பதினெட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அப்போதுதான் பின் பிளாக்கிலிருந்து அந்தப் பெண் வந்தாள்.

"அக்கா, பாபுவைச் சேர்த்துப்பீங்களா?"

பாபு என்பது நான் வைத்த பெயர். நிஜப் பெயர் வேண்டாம். ஒன்பது வயசு. பிரசவத்தின்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை கால் தசைகள் அவன் சொன்னபடி கேட்காது. செரிப்ரல் பால்ஸி என்பார்கள். சக்கர நாற்காலியில்தான் இருப்பான். பேச்சு குழறும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்களுக்குன்னு தனியா ஸ்கூல் இருக்கேம்மா. அங்கேயே ஏதாவது நடத்துவாங்களே?"

"அந்த ஸ்கூலுக்கும் மே மாசம் லீவுதானேக்கா" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. ஐந்து வருஷமாக ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம். அந்தப் பையனுக்கும் லீவு உண்டு, அவனுக்கும் வீட்டுக்குள் போரடிக்கும் என்று என் புத்திக்கு ஒரு நாளும் எட்டவில்லையே! வெளியே ஒரு பெரிய கேம்பில் கேட்டாளாம். முதலில் இரட்டைக் கட்டணம் என்றார்களாம், பிறகு அதுவும் முடியாது என்றார்களாம். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் விளையாட்டு, பொழுதுபோக்குக்கும் இவர்களுக்கு வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். என்னிடம் ஒரு வார்த்தை சட்டம் பேசவில்லை. சரி, கூட்டிக்கொண்டு வா என்றேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

முதலில் மொட்டை மாடி என்றிருந்ததைக் கீழ் ஹாலுக்கு மாற்றினோம். ஹாலுக்கு இரண்டு படி. வாட்ச்மேன் ஐந்தடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தார். வண்டியை ஏற்றினால் அது என்னையும் சேர்த்துக் கீழே தள்ளுகிறது! என் கணவர் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்து, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சரிவு வேண்டும் என்றார். இரண்டு படியும் சேர்த்துச் சரியாக ஓர் அடி. தச்சரைக் கூப்பிட்டுப் பன்னிரண்டு அடிக்கே போட்டோம். இப்போது அதில்தான் எங்கள் குடியிருப்பின் பாட்டிகள் எல்லோரும் ஏறுகிறார்கள். கேஸ் சிலிண்டர்கூட அதில்தான் உருண்டு வருகிறது.

பாபுவின் அம்மா எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். நம் வீடுகளில் அண்ணாந்து தண்ணீர் குடிப்போமே, அதை மட்டும் இவனுக்குச் செய்யக் கூடாது. தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி, கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். வாயில் எச்சில் வழிவது வியாதி இல்லை. உதட்டுத் தசைகளில் பிடிமானம் குறைவு, அவ்வளவுதான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தால் நிற்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை. பதினைந்து நாளில் ஒரு தடவையும் வலிப்பு வரவில்லை. ஆனாலும் முதல் வாரம் நான் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் இருந்தேன்.

படம் வரைவதில் பெரிய கஷ்டமில்லை. பிரஷ்ஷின் காம்பில் பழைய துணியைத் தடிமனாகச் சுற்றிக் கட்டினோம். காகிதத்தை மேஜையில் டேப் போட்டு ஒட்டினோம். ஏதாவது கேட்டால் அவன் பதில் சொல்ல நேரமாகும். நான் அவசரக்காரி, பாதியிலேயே "நீலமா? பச்சையா?" என்று நானே எடுத்துக் கொடுப்பேன். மனசுக்குள் பத்து எண்ணிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னாள் அவன் அம்மா. பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதில் அவன் "ஆரஞ்சு" என்றான்!

பாபு வருவது தெரிந்ததும் இன்னொரு குழந்தையும் வந்தது. காது கேளாத ஏழு வயசுப் பெண். காக்ளியர் ஆபரேஷன் ஆகியிருந்தது. இருந்தாலும் இரைச்சலில் பாட்டு எங்கே நின்றது என்று அவளுக்குச் சட்டென்று புரியாது. மியூசிக்கல் சேரில், பாட்டை நிறுத்தும்போது ஒரு சிவப்புத் துப்பட்டாவையும் வீசினோம். அவ்வளவுதான், தீர்ந்தது.

இரண்டாம் நாளே ஓர் அம்மா தன் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டாள். தொற்றிக்கொள்ளுமோ என்று அவளுக்குச் சந்தேகம். தொற்றாது என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அறுநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு வருத்தம்தான். பாபுவின் அம்மா காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்தேன். விழுந்திருந்தது.

விளையாட்டில்தான் நான் கோட்டை விட்டேன். ஓடிப் பிடிக்கிற ஆட்டம் வந்தால் பாபுவை ஓரமாக நிழலில் வைத்து, கழுத்தில் விசில் மாட்டி, "நீதாண்டா அம்பயர்" என்பேன். எனக்கு அதில் பெருமை வேறு! மூன்று நாள் ஊதினான். நான்காம் நாள் விசிலைக் கீழே போட்டான். எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் போட்டான். கையிலிருந்து வழுகுகிறது என்று நினைத்து மூன்றாம் தடவையும் குனிந்தேன்.

"அம்பயர் வே...ண்டாம்" என்றான்.

நான் முழித்தேன். "ஆன்ட்டி, அவனுக்கும் ஆடணும் போல" என்றது ஒரு வாண்டு. அன்றைக்குக் 'கல்லா மண்ணா'. பிள்ளைகளே கூடிப் பேசினார்கள். வண்டியைத் தள்ளுகிறவனும் பாபுவும் சேர்ந்து ஓர் ஆள். எங்கே போவது என்று பாபுதான் கை காட்டணும். யாரைத் தொட்டாலும் இரண்டு பேரும் அவுட். சிமென்ட் தரை கல், தோட்டப் பக்கம் மண். ஐந்தே நிமிஷத்தில் சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள்.

நான் என் அரைகுறை அறிவோடு, பிடிக்கிற பெண்ணின் காதில், "பாவம்டி, அவனை விட்டுடு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேராகப் போய் அவன் தோளைத் தொட்டாள்.

"பாபு அவுட்!"

உடனே பாபு போட்ட கூச்சலில் அவன் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள், விழுந்துவிட்டானோ என்று. அவன் விழவில்லை. சக்கரம் சிமென்டில் இருந்தது, தான் அவுட் இல்லை என்று முகம் சிவக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பின் சக்கரம் கல், முன் சக்கரம் மண், எது கணக்கு? பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். அவன் அம்மா வாசலிலேயே நின்றாள். "ஒன்பது வருஷத்துல இவன் யார்கூடவும் சண்டை போட்டதே இல்லக்கா" என்றாள். சண்டை போடச் சமவயசில் யார் இருந்தார்கள்? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் போய் மோர் கலக்கினேன்.

கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் மெரினாவுக்குப் போனோம். 2022 நவம்பரில் அங்கே சக்கர நாற்காலிக்கென்று மணல்மேல் மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர் நீளம். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் இறக்கினால் வண்டியின் முன் சக்கரங்கள் புதைந்துகொள்ளும் என்பதால், கடல் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் பாபு அதைச் சாலையிலிருந்துதான் பார்த்திருக்கிறான். அன்றைக்கு வண்டியைப் பாதையின் கடைசி வரை தள்ளிப் போனோம். அங்கிருந்து என் கணவரும் வாட்ச்மேனும் தூக்கிக்கொண்டு போய் ஈர மணலில் உட்கார வைத்தார்கள். அம்மா பின்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். முதல் அலை காலைத் தொட்டதும் 'ஹா' என்று ஒரு சத்தம். பயமா, சந்தோஷமா, தெரியவில்லை. அடுத்த அலைக்குச் சிரித்தான்.

வாண்டுகள் சும்மா இருப்பார்களா? கோடு கிழித்து, அலை பட்டவன் அவுட் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாபு அவுட்!"

"இல்...லை!"

"பட்டுதுடா, நான் பார்த்தேன்!"

சண்டை இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை. நான் சுண்டல் வாங்கப் போனேன்.